அது வேற ஏழு

இன்னிசைக் குழுக்களில் கிட்டார்காரர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம் வாசிக்கும். இன்னொரு ரகம், வாசிப்பதற்குத் தோதாக எல்லாவற்றையும் சுருக்கிக்கொண்டே இருக்கும். ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில், பட்டுத் தறி ஓடும் ஒரு வீட்டின் பின்கட்டிலிருந்து சால்டரிங் புகை வந்தால், உள்ளே குந்தியிருப்பவர் இரண்டாவது ரகம்.

இவர் காலடியில் ஏழு பெட்டிகள். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே, வா-வா என்று கிட்டாரின் குரலை ஆளுக்கொரு விதமாக மாற்றுகிறவை. 1962-ல் மேஸ்ட்ரோ கம்பெனி ஃபஸ்-டோன் என்ற பெட்டியை விற்கத் தொடங்கியபோது கிட்டார்காரன் காலுக்கு ஒரு பொத்தான் போதுமாக இருந்தது. இவர் பெட்டிகளை வரிசையாகப் பொருத்தி வைத்திருக்கும் பலகையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆடி மாதம் கூழ் வார்க்கிற ஊர்களில் கச்சேரி முடிந்தால் விடிவதற்குள் வீடு சேர வேண்டும். டிரம்ஸ்காரரே மூட்டை கட்டி வேனில் ஏறித் தூங்கியிருப்பார். இவர் மட்டும் மேடையில் மண்டியிட்டு ஒயர் பிடுங்கிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு ராத்திரியில்தான் ‘இத கொறச்சே ஆவணும்’ என்ற ஞானம் பிறந்தது.

முதல் பலி பாஸ் கம்பெனியின் ஆரஞ்சு நிற டிஎஸ்-1. 1978-ல் வந்து இன்றைக்கும் விற்கிற டிஸ்டார்ஷன் பெட்டி. அதற்குள் இரண்டு பொடி டையோடுகள் ஒலியலையின் தலையைச் சீவிவிடும். அந்த உறுமல் அதனால்தான் வருகிறது. டையோடுக்குப் பதிலாக எல்இடி போட்டால் அவ்வளவு சீக்கிரம் சீவாது, சத்தம் இன்னும் திறந்து வரும். இரண்டையும் வைத்து நடுவில் ஒரு சுவிட்ச் போட்டால் ஓவர்டிரைவ் பெட்டியே வேண்டாம் என்பது இவர் கணக்கு. எல்இடிக்கு எங்கே போவது? பெட்டி ஆன் ஆகியிருக்கிறதா என்று காட்ட முகப்பில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு சும்மாதானே இருக்கிறது, பிடுங்கினார். ஒன்று போதவில்லை, பக்கத்துப் பெட்டியிலும் பிடுங்கினார்.

அடுத்து கோரஸையும் டிலேயையும் ஒரே கூட்டுக்குள் குடிவைத்தார். உலோகக் கூடு வெளி இரைச்சலைத் தடுக்கும். அலுமினியப் பெட்டி சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் யோசனை வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இந்த ரகத்துக்குத் திங்கட்கிழமை வரை கை சும்மா இருக்காது. அம்மாவின் எவர்சில்வர் டிபன் டப்பா உலோகம்தானே. அன்றிலிருந்து அந்த வீட்டில் எலுமிச்சை சாதம் வாழையிலையில்தான் கட்டப்படுகிறது.

ஏழு ஐந்தாயிற்று. மனுஷன் இங்கே நிறுத்தியிருக்கலாம்.

பாஸ் பெட்டியை அணைத்து வைத்தாலும் ஒலி உள்ளே பஃபர் என்கிற சின்னச் சுற்று வழியாகத்தான் வெளியே வரும். அது சுத்தமான ஒலிக்கு இடைஞ்சல் என்று எவரோ ஓதிவிட்டார்கள். பஃபரையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டிக்கு ஒன்றாக, ஒன்பது முனை உள்ள கால் சுவிட்ச் வைத்து நேர்வழி போட்டார். மேடையில் நீள ஒயரைச் சொருகினால் கிட்டார் போர்த்திக்கொண்டு பேசுவதுபோல் மங்கலாகக் கேட்டது. ஒயர் நீள நீள கீச்சு சுரங்களை அது தின்றுவிடும்; தின்னாமல் காப்பதற்குத்தான் அந்தப் பஃபரை வைத்திருந்தார்கள். மருந்து என்ன? காசு கொடுத்துத் தனியாக ஒரு பஃபர் பெட்டி வாங்கினார். ஆறு.

அடுத்து, எதற்கு இத்தனை அடாப்டர் என்று எல்லாவற்றையும் ஒரே ஒன்பது வோல்ட் அடாப்டரில் கோத்தார். டிலே டிஜிட்டல் சமாச்சாரம். அதன் கீச்சல் மின்சார ஒயர் வழியாகவே டிஸ்டார்ஷனுக்குள் புகுந்து பெரிதாகி ஊளையிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக மின்சாரம் பிரித்துக் கொடுக்க ஒரு பெட்டி விற்கிறார்கள். அதுவும் வந்து பலகையில் உட்கார்ந்தது.

அப்பா தறியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். அவர் ஒரு மிதி மிதித்தால் மேலே ஜக்கார்டு எந்திரம் அட்டையின் ஓட்டை பார்த்து இழைகளைத் தூக்கும், கீழே முந்தானையில் மயில் வளரும். பாரம் தூக்க மோட்டார் வைத்த தறிகள் வந்த பிறகும் அவர் மிதியை விடவில்லை.

“இன்னாடா, போன மாசமும் ஏழு பொட்டி, இப்பவும் ஏழு பொட்டி. நடுவுல இன்னா பண்ண?”

“நைனா, அது வேற ஏழு.”

அந்த வேற ஏழு அரங்கேறியது ஒரு மாரியம்மன் கோயில் வாசலில். ‘இளைய நிலா’ கேட்டுச் சீட்டு வந்தது. 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் இளையராஜா போட்ட பாட்டு. கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர். அதற்குப் பெட்டியே வேண்டாம், விரல் இருந்தால் போதும். இவருக்கு விரல் இருக்கிறது, நன்றாகவே வாசிப்பார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் முந்தின குத்துப்பாட்டுக்கு மிதித்த டிஎஸ்-1 ஆன் ஆகியிருக்கிறதா என்று காட்டுகிற விளக்கு இப்போது உள்ளே வேறு உத்தியோகம் பார்க்கிறது. முதல் இழுப்பிலேயே நிலா உறுமியது. கோயில் ஓரமாக பீடி பிடித்துக்கொண்டிருந்த பம்பைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

வேனில் யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆரணி வந்ததும் குழு நடத்துகிறவர் மெதுவாக ஆரம்பித்தார்.

“தம்பி, நீ சுருக்கறதப் பாத்து எனக்கும் ஒரு யோசனை வந்துச்சு. கிட்டார் சவுண்டு கீபோர்டுலயே கீதாம்.”

இவர் முகம் வாடும் என்று எல்லோரும் பார்த்தார்கள். இவர் கண்ணோ கீபோர்டுக்காரர் காலடியில் கிடந்த சஸ்டெய்ன் பெடல் மேல்.

“அண்ணே, இத எதுக்குத் தனியா தூக்கினு அலையறீங்க? வூட்டாண்ட கொண்டாங்க, பிரிச்சு உள்ளயே வச்சுத் தர்றேன்.”