வருகைப் படிவத்தில் ‘நான்’ யார்? மொய் நோட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

மொய் நோட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் வருகைப் படிவத்தைத் தொடுவதில்லை; வருகைப் படிவம் நிரப்புகிறவர்களுக்கு மொய் நோட்டின் நினைவே வருவதில்லை. இரண்டு துறைகளுக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தப் புறம்போக்கில் ஒரு கூரை போட்டுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், திருச்சியில் என் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஊஞ்சலுக்கும் டிவிக்கும் இடைப்பட்ட பகுதி. ஆய்வுக்காலம், அவர்கள் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய சில நாட்கள். தகவலாளிகள் பெரியப்பா, பெரியம்மா. கருவி என் கைப்பேசி. சிங்கப்பூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் கோலாலம்பூர் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர் திரும்புவது திட்டம். ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு படிவம். ஆக மூன்று நுழைவு, இரண்டு பேர், ஆறு படிவம். ஆறையும் நிரப்பியவன் ஒருவன். ஆறிலும் கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை என நான் உறுதியளிக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி. இந்த ‘நான்’ யார் என்பதே நம் ஆராய்ச்சி.

முதலில் காலவரையறை. விமானத்தில் பணிப்பெண் சீட்டு விநியோகிக்க, நாற்பது பேருக்கு ஒரே பேனா வரிசை வரிசையாக உலா வந்தது முற்காலம். அன்றைய சிங்கப்பூர் வெள்ளைச் சீட்டில், போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைப் படித்தபின் பையில் இருக்கும் பருப்புப் பொடியைப் பற்றி யாருக்கும் ஒரு கணம் சந்தேகம் வரும். இந்தியர்கள் நாடு திரும்பும்போது எழுதிய சீட்டு 2014 மார்ச்சிலும், விமானத்தில் கிளம்பும்போது எழுதிய சீட்டு 2017 ஜூலையிலும் நின்றன. 2020 மார்ச்சில் சிங்கப்பூர் காகிதத்தை விட்டு இணையத்துக்கு மாறியது. மலேசியா 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று பெருந்தன்மையோடு அறிவித்தது. அதே கையோடு 2024 ஜனவரி 1 முதல் படிவம் கட்டாயம் என்றது. தாய்லாந்து 2025 மே 1 முதல் இந்தப் பந்தியில் உட்கார்ந்தது.

இவற்றுக்கெல்லாம் மூலம் மொய் நோட்டு என்பது என் கருதுகோள். வாசலில் மேசை, மேசையில் ஒருவர், வருகிறவர் யார், எந்த ஊர் என்று விசாரித்துப் பதிவு செய்தபின் உள்ளே அனுமதி. குடிநுழைவு வேறென்ன? மொய் எழுதுகிறவர் ‘உறையூர் ரா.முருகன்’ என்று எழுதிவிட்டு நிமிர்வார். ஊர், தகப்பன், ஆள் மூன்றும் வந்தாயிற்று. அடுத்த பத்தியில் தொகை. பாஸ்போர்ட் காலாவதித் தேதியை அவர் கேட்டதே இல்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து மொய் விருந்துகளில் இப்போது கணினி வைத்து அச்சிட்ட ரசீதே கொடுக்கிறார்கள். அங்கும் ‘குடும்பப்பெயர்’ என்று ஒரு கட்டம் கிடையாது.

ஆய்வின் இருதயம் அந்தக் கட்டம்தான். பெரியப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயராக இருப்பது அவருடைய அப்பா. பெரியம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயராக இருப்பது பெரியப்பா. மகளுக்கு அது மாப்பிள்ளை, பேரனுக்கும் அவரே. நான்கு பேர் அடங்கிய இந்தக் குடும்பத்தில் மூன்று குடும்பப்பெயர்கள் இருக்கின்றன. படிவத்தின் தருக்கப்படி, ஐம்பது வருடமாக ஒரே வீட்டில் சண்டை போட்டுவரும் பெரியப்பாவும் பெரியம்மாவும் வெவ்வேறு குடும்பத்தார். இதைப் பெரியம்மாவிடம் தெரிவித்தபோது, “நான் அப்பவே சொன்னேன்” என்றார். எப்போது சொன்னார் என்பது எதிர்கால ஆய்வுக்குரியது.

குற்றம் படிவத்தின் மேல் மட்டும் இல்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303-ஆம் ஆவணம் என்று ஒன்று உண்டு. முதல் பதிப்பு 1980. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்க இரண்டு வரிகள் ஓடுகின்றனவே, அதற்கு இலக்கணம் அதுதான். வரிக்கு 44 இடம். மேல்வரியில் முதல் ஐந்தும் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போக, மிச்சம் 39 இடத்தில் முதலில் குடும்பப்பெயர், பிறகு சொந்தப்பெயர். அப்பனை ஒற்றை எழுத்தாக்கிப் பெயருக்கு முன்னே நிறுத்தி, ஒரு புள்ளி வைத்து முடித்துக்கொண்ட நம் சிக்கனம் அந்த இலக்கணத்துக்குப் பிடிபடவில்லை. எழுத்தை விரித்து எழுதச் சொன்னது. விரித்ததும் அப்பா முழு உருவத்தோடு எழுந்து வந்து மகனுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

விளைவு: டிக்கெட் உறுதியானதும் ஒரு மின்னஞ்சல் வந்தது. “திரு. ராமசாமி அவர்களே, உங்கள் சிங்கப்பூர்ப் பயணத்துக்குத் தயாரா?” ராமசாமித் தாத்தா கொள்ளிடத்தைத் தாண்டாமலே வாழ்ந்து முடித்தவர். ஒருமுறை லால்குடி வரை போய், அங்கே தண்ணீர் சரியில்லை என்று அன்றே திரும்பியதாகச் செவிவழிச் செய்தி உண்டு. அதன்படி கொள்ளிடத்தைத் தாண்டியிருக்கிறார் என்று வாதிடுவோரை நான் பொருட்படுத்தவில்லை. பெரியப்பா அந்த மின்னஞ்சலை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “ஜன்னல் சீட்டா போட்டிருக்க?” என்றார்.

பாடபேதங்கள் தனிச் சிக்கல். பெரியம்மா பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. ஆதாரில் அதற்கு இரண்டு ஆங்கில எழுத்து, ரேஷன் அட்டையில் ஒன்று, பாஸ்போர்ட்டில் மறுபடி இரண்டு. மூலபாடம் எது என்று கேட்டால், “அம்மா என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை” என்கிறார். வேறு பெயருள்ள பாஸ்போர்ட்டில் முன்பு வந்ததுண்டா என்று சிங்கப்பூர்ப் படிவம் கேட்கிறது. அவர் சொன்ன பதில்: “பேரு மூணு நாலு இருக்கு. பாஸ்போர்ட் ஒண்ணுதான்.” ‘இல்லை’ என்ற பொத்தானை நான் அழுத்தினேன்.

பிறந்த தேதியும் இப்படியே. பெரியப்பா பிறந்தது 1952 கார்த்திகையில், நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல் தஞ்சாவூர் ஜில்லாவைப் புரட்டிப் போட்டபின் மூன்றாம் நாள். பாஸ்போர்ட்டில் 1951 ஜூன் 1. தலைமையாசிரியர் அவர் கையைத் தலைமேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டியதும் போட்ட தேதி அது. அந்த விரல் எட்டியதால் அவர் ஒன்றரை வருடம் முன்னதாகவே ஓய்வுபெற நேர்ந்தது வேறு துயரம். ‘உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற வரிக்கு வரும்போது நிரப்புகிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. மனைவிக்கே தெரியாத காலாவதித் தேதிகள், பழைய பாஸ்போர்ட் ஏன் ரத்தானது, மூத்த அத்தை எந்த நாட்டில் தங்கிவிட்டார், எல்லாம் அவனுக்கு அத்துபடி. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவன் இருக்கிறான். ஒரு காலத்தில் தபாலாபீஸ் திண்ணையில் மணியார்டர் பாரம் எழுதிக்கொடுத்தவரின் நேர் வாரிசு. அவருக்காவது காலணா கிடைத்தது. எனக்குக் காபி. அதிலும் சர்க்கரை இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை.

இனி மூன்று நாள் விவகாரம். சிங்கப்பூர், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் படிவம் அனுப்பச் சொல்கிறது. 15-ஆம் தேதி இறங்கினால் 13-க்கு முன்னால் முடியாது. நான் 12 என்று கணக்குப் போட்டேன். பெரியம்மா எடுத்த எடுப்பில் 13 என்றார். வெள்ளியோடு வெள்ளி எட்டு நாள் என்றும், பதினாறாம் நாள் காரியத்தைப் போன நாளிலிருந்தும் எண்ணிப் பழகிய விரல்கள் அவை. சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையும் என் பெரியம்மாவும் ஒரே எண்ணுமுறையைக் கையாள்வது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அந்த 13 வெள்ளிக்கிழமையாக அமைந்ததால் பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முந்திய நாடு. பார்க்க வேண்டியது ஏறுகிற ஊர் ராகு காலமா, இறங்குகிற ஊர் ராகு காலமா? பெரியப்பா பள்ளி ஏறுகிற ஊர் என்றது. பெரியம்மா பள்ளி இரண்டும் என்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பினோம்.

உடல்நலக் கேள்விகளை விரைவாகக் கடப்போம். காய்ச்சல், இருமல் உண்டா என்றது படிவம். பெரியம்மா தன் முழங்காலின் வரலாற்றை 1998-லிருந்து தொடங்கினார். முழங்காலுக்குக் கட்டம் இல்லை என்றதும், “பின்ன என்னத்துக்குக் கேக்குறான்?” என்றார்.

இடையில் ஒரு எச்சரிக்கை. ஆய்வாளன் என்பதைவிட தம்பி மகன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் படிவங்களை அரசுத் தளங்களில் அனுப்பக் காசு கிடையாது. தேடலில் முதலில் முளைக்கும் சில தளங்கள் அதே படிவத்தை அதே நிறத்தில் காட்டி அட்டை எண்ணைக் கேட்கும். மொய் விருந்துக்குப் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்றவனிடம் மொய் எழுதிவிட்டு வருவதற்குச் சமம் அது. சாப்பாடும் கிடையாது.

கடைசியாக முகவரி. சிங்கப்பூரின் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995-இல் வந்தது. மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கென்றே தனியாக ஒன்று உண்டு. நம் பின்கோடும் ஆறு இலக்கந்தான், 1972 முதல். ஆனால் பெரியப்பாவின் சொந்த ஊர்ப் பின்கோட்டில் பல கிராமங்கள், இரண்டு ஏரி, ஒரு சுடுகாடு எல்லாம் அடக்கம்.

இந்த ஒப்பீட்டின் முழுப் பொருள் பயணம் முடிந்து சில மாதம் கழித்தே விளங்கியது. 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவும் வெளிநாட்டவரிடம் இணையத்தில் வருகைப் படிவம் கேட்கிறது. எழுதின மொய் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டேன். சிங்கப்பூர்க் குடிமகனான பேரன் பொங்கலுக்கு வருகிறான். ‘இந்தியாவில் தங்கும் முகவரி’ என்ற கட்டத்தில் நின்றுபோய் வீடியோ காலில் பாட்டியைக் கேட்டான். பாட்டி வேப்பமரத்தில் தொடங்கி, பிள்ளையார் கோயிலில் திரும்பி, இப்போது இல்லாத ஒரு மாவு மில்லைத் தாண்டி வந்தார். பேரன், இத்தனையும் கட்டத்துக்குள் கொள்ளாது என்றான்.

“சரி, விடு. அங்க இறங்குனதும் அந்த ஆபீசர் கையில போனைக் குடு. நான் வழி சொல்றேன்.”