இல்லத்து இசையமைப்பாளரின் கணினித் தேர்வு: ஜார்ஜ்டவுன் காத்தாடியை முன்வைத்து ஓர் ஆய்வு

எந்த ஆய்வையும் கடல்கொண்ட கண்டத்திலிருந்து தொடங்குவதே நம் மரபு. பக்கப் பற்றாக்குறையால் இக்கட்டுரை 1972இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில்தான் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கு பாயான் லெப்பாஸில் அமைத்தது. ஆகவே வீட்டில் பாட்டுப் போடுகிறவர் விண்டோஸ் வாங்குவதே மண்ணுக்குச் செய்யும் மரியாதை என்றது சுதேசி அணி (காண்க: பெரியப்பா, 'மடிக்கணினியில் ஒட்டிய ஸ்டிக்கர்', வாய்மொழி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்). 2006இல் மேக்கிலும் இன்டெல் சில்லு வந்தது. எதிரணியும் அதே மண்ணுக்கு உரிமை கோரியது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லுக்கு மாறியது. பெரியப்பா இன்னும் மறுப்புரை வெளியிடவில்லை.

இனி வகைப்பாடு.

அட்டாரி எஸ்டி: 1985இல் வந்தது, மிடி துளைகள் உடம்பிலேயே இருந்தன, காலமாகிவிட்டது.

லினக்ஸ்: நிறுவி முடித்ததும் பாட்டு.

மேக்: லாஜிக் மென்பொருள் ஒரு காலத்தில் விண்டோஸிலும் ஓடியது. 2002இல் ஆப்பிள் எமாஜிக் நிறுவனத்தை வாங்கி அந்தக் கதவைச் சாத்தியது. லாஜிக்கில் கை பழகியவருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆகவே ஆய்வும் தேவையில்லை.

விண்டோஸ்: எஃப்எல் ஸ்டுடியோ பிரியர்களின் தாய்வீடு, 2018இல்தான் அது முறைப்படி மேக்குக்குப் போனது. இங்கே ஸ்டைன்பெர்க் தந்த ஏசியோ டிரைவரைத் தேடிப் போடவேண்டும். நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் பஃபரை 1,024 என்று வைத்தால் சுமார் 23 மில்லிசெகண்ட் தாமதம். அதற்குள் ஒலி எட்டு மீட்டர் நடந்துவிடும். அதாவது, பாடகர் ஐந்தடி நடைபாதையில், ஸ்பீக்கர் கடைவீட்டுச் சமையலறையில். 128 என்று குறைத்தால் மூன்று மில்லிசெகண்ட். கணினிக்குத்தான் மூச்சு வாங்கும்.

ஆய்வின் உயிர்நாடி காத்தாடி. எம்1 மேக்புக் ஏருக்குள் விசிறியே கிடையாது, ஒலிப்பதிவுக்கு அதுவே உத்தமம் என்பர் மேக்கியர். தலைக்கு மேல் சுற்றும் 60 அங்குலக் காத்தாடியை அவர்கள் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதை நிறுத்தினால், பல்லவி முடிவதற்குள் பாடகரின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை மைக்கில் சொட்டும். நிறுத்தாவிட்டால் 'டக்... டக்'. மூன்றாம் எண்ணில் அது ஆதி தாளம் என்பது மூலபாடம், ரூபகம் என்பது பாடபேதம், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்பது இடைச்செருகல் (பெரியம்மா, 'சமையலறை உரை', முதற்பதிப்பே கடைசிப் பதிப்பு, அதற்கு மறுப்பு: எலக்ட்ரீசியன், 'வரேன்னு சொன்னேனே', தொலைபேசி வழி, தேதியில்லாச் சுவடி). ஏர்கோன் போடலாமே என்பார்க்கு: அதற்கும் ஓசை உண்டு, பில்லும் உண்டு. ஜன்னலைத் திறக்கலாமே என்பார்க்கு: லெபோ பாசார் பாட்டுக் கடையின் ஸ்பீக்கர் உள்ளே வரும், பிறகு இசையமைத்தது யார் என்பதே வழக்காகும்.

2006இல் யோகி பி – நட்சத்ராவின் 'வல்லவன்' தொகுப்பைக் கேட்டு ஆடியவர்களில் எத்தனை பேர் அது எந்தக் கணினியில் உருவானது என்று விசாரித்தார்கள்? ஆய்வுக்குச் சங்கடமான கேள்வி. ஆகவே அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகிறது. அடிக்குறிப்பு அச்சில் விடுபடும்.

ரெகுலேட்டர் குமிழ் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கும்போது எழும் முனகல் எந்தச் சுருதி என்பது தனிப் பொருள். அதற்கு இரண்டு நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு கூடும். கட்டுரை வாசிப்போருக்கு ஐந்து நிமிடம், பொன்னாடை போர்த்த ஒன்றரை மணி நேரம். வர இயலாதோர் பணம் கட்டினால் சான்றிதழ் தபாலில் வரும்.