ஆனைமலை அண்ணனும் அமெரிக்கக்காரன் காதும்

கோயமுத்தூர்ப் பக்கம் டீக்கடைக்குப் பெயர் பேக்கரி. தேங்காய் பன்னும் பப்ஸும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். உலக நடப்பு வெளியே பெஞ்சில் இருக்கும். ஆனைமலையில் எந்தப் பேக்கரிக்குப் போனாலும் அந்தப் பெஞ்சின் சுவரோரத்தில் ஒருவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கொஞ்சம் தென்னந்தோப்பு, கொஞ்சம் வாடகை வருமானம், நிறைய நேரம். சட்டைப் பையில் போன், திரை நெஞ்சைப் பார்த்தபடி. திரையை வெளியே காட்டி வைத்தால் முன்பக்கக் கேமரா ஊரைப் படம் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிடும் என்பது அவர் கணக்கு. பின்பக்கக் கேமரா இரண்டும் இப்போது ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பதை யாரும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் அதுவே போதும். பெயரைப் போட்டால், "என்ற பேரை எதுக்குங்க பொதுவுல போட்டீங்க?" என்று சண்டைக்கு வருவார். வந்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எட்டு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவார்.

அண்ணனின் முதல் கொள்கை, போன் ஒட்டுக் கேட்கிறது என்பது.

"நேத்து சாளையில உக்காந்து, சொட்டுநீர்க் குழாய் மாத்தோணும்னு பேசிட்டு இருந்தனுங்க. பொழுதோட போனைத் தொறந்தா, சொட்டுநீர்க் குழாய் விளம்பரம்! அங்க ஒருத்தன் காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க."

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை இதற்காகவே சோதித்துப் பார்த்தார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி எதுவும் அகப்படவில்லை. திரையில் நாம் செய்வதைப் படமாகப் பிடித்து வெளியே அனுப்பிய சில செயலிகள்தான் அகப்பட்டன. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் இதை அண்ணனிடம் விளக்கினான். "மைக் எதுக்குங்க மாமா? மத்தியானம் நீங்களே யூடியூபில் மூணு சொட்டுநீர் வீடியோ பார்த்தீங்களே" என்றான். அண்ணன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "உன்னையும் விலைக்கு வாங்கிட்டாங்களா கண்ணு?"

வதந்தியால் ஆட்களை அடித்துக் கொன்ற சம்பவங்கள் தொடர்ந்து நடந்தபோது, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பிறகு, பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி போட்டது. சற்று யோசித்துப் படியுங்கள் என்பதற்கான அடையாளம் அது. அண்ணனுக்கு அது அக்மார்க் முத்திரை. ஒற்றை அம்புக்குறியோடு வரும் செய்தியை அவர் சீந்துவதே இல்லை. "இதை இன்னும் யாரும் ஒத்துக்கலீங்க போல" என்று தள்ளிவிடுவார்.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது, அண்ணன் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு ஒன்றை எடுத்தார். சிக்னல் செயலிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே போய்ப் பார்த்தால் அவரும், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சினன் மகனும் மட்டும். இரண்டு நாள் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டார்கள். மூன்றாம் நாள், தான் வாட்ஸ்அப்பை விட்டுப் போய்விட்ட செய்தியை ஊருக்குத் தெரிவிக்க வாட்ஸ்அப்புக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான். அதே கொள்கை மாற்றத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தச் செய்தியும் அவருக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது.

சட்டம், தடை, ஒழுங்குமுறை என்று பேச்சு வந்தால் அண்ணனுக்கு இரண்டு கருத்து உண்டு. காலை டீக்கு ஒன்று, மாலை டீக்கு ஒன்று.

காலையில்: "எல்லாத்தையும் தடை பண்ணோணுமுங்க." மாலையில்: "எதைப் பார்க்கோணும்னு சொல்றதுக்கு இவங்க யாருங்க?" டிக்டாக் விஷயத்தில் இந்த இரண்டு டீக்கும் இடையே ஒரு வருடம் ஓடியது. 2019 ஏப்ரல் 3 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தச் செயலிக்குத் தடை விதிக்கச் சொன்னபோது அண்ணன் பெஞ்சைத் தட்டி வரவேற்றார். ஏப்ரல் 24-ல் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அவரே ஒரு கணக்கைத் திறந்து, ஆழியாறு அணையின் மேல் நின்று பழைய காதல் பாட்டுக்கு வாயசைத்திருந்தார். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளை முடக்கியபோது நாட்டுப்பற்று ஒரு பக்கம் இழுத்தது, நாற்பது லைக் ஒரு பக்கம் இழுத்தது. "நாட்டுக்கு நல்லதுங்க" என்றார். அன்று பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அரசாங்கமும் அவருக்குத் தீனி போடாமல் இல்லை. 2018 ஜூலை 28 அன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குக் கெடுதல் செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். சற்று நேரத்தில் அவருடைய போன் எண், முகவரி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். அவர் கணக்கில் ஒருவர் ஒரு ரூபாயும் போட்டுவிட்டார். சர்மா தனக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றே சொன்னார். அண்ணனுக்கு அந்த வாதத்தில் உடன்பாடு. "பணம் போட்டாங்க, எடுக்கலையே! என்ற நம்பரைப் போட்டா எவ்வளவு வருமுங்க?"

2022 மே 27 தேதியிட்டு ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்பது அதன் சாரம். அண்ணன் பல இடங்களில் கொடுத்த நகல்களைத் திரும்பக் கேட்கக் கிளம்பினார். லாட்ஜ், சிம் கடை, கேபிள் அலுவலகம் என்று பட்டியல் போட்டு முடிப்பதற்குள் 29-ஆம் தேதி வந்துவிட்டது. தவறாகப் பொருள் கொள்ளப்படலாம் என்று ஆணையமே அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, எல்லாப் புதிய போன்களிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே பதித்து விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இந்த ஐந்து நாளில் நாடு முழுக்க நடந்த வாக்குவாதத்தில் ஆனைமலையின் பங்கு பதினேழு டீ.

"காலைல ஒண்ணு சொல்றாங்க, சாயங்காலம் ஒண்ணு சொல்றாங்க" என்று அண்ணன் குறைப்பட்டபோது பேக்கரிக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதில் மும்முரமானார்.

தனியுரிமைக்கு அண்ணன் வைத்திருக்கும் குலதெய்வம் கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2012-ல், எண்பத்தாறு வயதில், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். தனியுரிமை என்றோர் அடிப்படை உரிமையே கிடையாது என்று மத்திய அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்றார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி அண்ணனுக்கு மேடை கொடுத்தால் கண் கலங்கப் பேசுவார். பேசி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "அப்புறம், உங்க சின்னப் பொண்ணுக்கு ஜாதகம் எடுத்தாச்சுங்களா?" என்பார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கொங்கு நாட்டில் ஒரு கல்யாண ஜாதகத்தில் இருக்கிற தகவல் மெட்டா முதலாளி ஜுக்கர்பெர்க்கிடம்கூட இருக்காது. பிறந்த நேரம் நிமிட சுத்தமாக, பிறந்த ஆஸ்பத்திரி, என்ன கூட்டம், எந்தக் குலதெய்வம், தோட்டம் எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் உண்டா, கூடப்பிறந்தவர்கள் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டார்கள், பையன் கையில் வாங்கும் சம்பளம், அப்பாவின் போன் எண். அதை அண்ணனே ஏழு தரகர் குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறார். "ஒறம்பரைக்குள்ளதானுங்க போகுது" என்பது சமாதானம்.

தோப்பில் தேங்காய் திருட்டு என்று கேமரா வைத்தார். நான்கு கேமரா. மூன்று தேங்காயைப் பார்க்கின்றன. நான்காவது, பங்காளி வீட்டு வாசலைப் பார்க்கிறது. அங்கே யார் வருகிறார்கள், எந்தக் கார், எத்தனை மணிக்குக் கிளம்பிற்று என்பதெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. அது கண்காணிப்பு இல்லையா என்று கேட்டால், "அது வேலித் தகராறுங்க" என்கிறார்.

ஊர்ப் பெயரிலேயே ஆனை இருப்பதால் ஆனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைக்கு மேலே வால்பாறையில் ஆனைக்கூட்டம் நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியிலும், கம்பத்தில் எரியும் சிவப்பு விளக்கிலும் ஊராருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. அதற்காகவே ஆய்வாளர் எம். ஆனந்தகுமார் 2015-ல் வனவுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார். மதுக்கரையில் ரயில் பாதையை ஒட்டிச் செயற்கை நுண்ணறிவுக் கேமரா கோபுரங்கள் பன்னிரண்டு 2024 பிப்ரவரி முதல் ஆனைக்காகக் கண் விழித்திருக்கின்றன. சின்னத்தம்பி என்ற காட்டானையை மறக்க முடியுமா? 2019 ஜனவரியில் தடாகம் பகுதியில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். சில நாளில் மலையிறங்கி உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்கே போய்விட்டது. ஒவ்வொரு அடியும் வனத்துறைக்குத் தெரியும், நிறுத்தத்தான் முடியவில்லை. பிப்ரவரி 15-ல் மறுபடி பிடித்து வரகளியாறு கொண்டுபோனார்கள்.

அந்த நாட்களில் அண்ணன் சின்னத்தம்பி கட்சி. "பாவமுங்க, அது எங்க போனா இவங்களுக்கு என்னங்க? கழுத்துல பட்டையை மாட்டிட்டு வேவு பார்க்கறாங்க." சொல்லும்போது அவர் கையில் ஒரு வாட்ச் இருந்தது. நடந்த அடி, தூங்கிய நேரம், நெஞ்சுத் துடிப்பு எல்லாவற்றையும் கணக்கெடுப்பது. மருமகன் வாங்கிக் கொடுத்தது.

எப்போதும் தூரத்தில் இருப்பவனிடம்தான் அவருக்குப் பயம். கலிபோர்னியாக்காரன், டெல்லிக்காரன், சீனாக்காரன். ஆபத்து ஒருநாள் கிட்டத்தில் வந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. டெல்லி போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வீடியோவில் ஒருவன் வந்தான். அண்ணனின் பெயர், ஆதார் எண், ஊர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். அண்ணன் முதலில் பெருமைப்பட்டார். டெல்லி வரைக்கும் நம்மைத் தெரிந்திருக்கிறதே! பிறகுதான், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள் என்றான். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்லியிருந்தார். அண்ணன் அதை ஏழு குழுக்களுக்கு அனுப்பியும் இருந்தார். ஆனாலும் கதவைச் சாத்தினார்.

காப்பியோடு வந்த அண்ணி போனை வாங்கினார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் வழக்கமான விசாரணையைத் தொடங்கினார். "சாமி, நீ எந்த ஊரு? தமிழ் தட்டுத் தடுமாறுதே, உங்கப்பன் என்ன பண்றாரு? கண்ணாலம் ஆயிருச்சா? எத்தனை கொழந்தைங்க?" நான்காவது கேள்விக்கு அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அண்ணி அதன்பிறகு 1930-க்குப் போன் போட்டு, இணையக் குற்றப் பிரிவில் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தார். மறுநாள் மாசாணியம்மன் கோயிலுக்கும் போய், பொருளைப் பறிகொடுத்தவர்கள் செய்வதுபோல மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தார். பணம்தான் போகவில்லையே என்றதற்கு, "முயற்சி பண்ணுனானல்ல?" என்றார்.

அவனுக்கு ஆதார் எண் எப்படிக் கிடைத்தது? அண்ணனின் சந்தேகம் அமெரிக்காமேல். பெஞ்சில் இருந்த கல்லூரிப் பையனின் சந்தேகம் ஜெராக்ஸ் கடைமேல். அண்ணன் அங்கே போய் நகல் எடுக்கும் முறை ஊருக்கே தெரியும். ஆதார் கோப்பைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். அது கடை கம்ப்யூட்டரில் இறங்கும். கடவுச்சொல் கேட்கும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்ததுதான் அந்தக் கடவுச்சொல். அதை அண்ணன், வரிசையில் நிற்கும் ஆறு பேரைத் தாண்டிக் கேட்கும்படி உரக்கச் சொல்வார். தாள் கைக்கு வரும். கோப்பு கம்ப்யூட்டரிலேயே கிடக்கும், ஊரில் பாதிப் பேரின் கோப்புகளோடு.

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கல்லூரிப் பையனே விளக்கினான். தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல நம்ம கைக்கு எவ்வளவு கண்ணு?" ஒன்றும் இல்லை, அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பொய்ப் புகார் கொடுத்தால் நமக்குத்தான் பத்தாயிரம் வரை அபராதம். அண்ணன் மறுபடி சாய்ந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் கண்ணு, அந்த ஜெராக்ஸ் கடைக்காரன் நம்ம ஃபைலையெல்லாம் அழிக்கிறானா?"

பெஞ்சில் யாருக்கும் தெரியவில்லை. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். ஜெராக்ஸ் கடை தினமும் காலை ஒன்பது மணிக்கே திறந்துவிடுகிறது.