மூன்றுக்கு வேஷம் கட்டிய குமாஸ்தா

1913-ம் வருஷக் கடைசி. நாமக்கல் நரசிம்மர் கோயிலில் இரண்டு பேர் மூன்று ராத்திரியாகத் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள். ஒருவர் நாராயண ஐயர், மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் சீஃப் அக்கவுன்டன்ட். இன்னொருவர் அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்து, சில மாதங்களுக்கு முன்புதான் யுனிவர்சிட்டி உதவித்தொகைக்குத் தாவியவர். பெயர் சீனிவாச ராமானுஜன். கேம்பிரிட்ஜிலிருந்து கணித மேதை ஹார்டி துரை வா வா என்கிறார். ஆனால் கடல் தாண்டினால் ஆசாரம் போய்விடுமே! ஆகவே இங்கே விசா இன்டர்வியூ. ஆபீசர், கோயிலில் குடியிருக்கும் நாமகிரித் தாயார்.

அந்தக் காலத்தில் நாமக்கல்லுக்கு ரயில் கிடையாது. ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி மிச்ச தூரத்தை ரோட்டில் வந்துதான் சேர்ந்திருக்க வேண்டும். சேலம்–நாமக்கல்–கரூர் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தது 2013-ல். மனிதர் சரியாக நூறு வருஷம் அவசரப்பட்டுவிட்டார்.

மூன்றாம் ராத்திரி ராமானுஜனுக்குப் பளீரென்று ஒளி தெரிந்து உத்தரவு கிடைத்தது என்பது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, அம்மா கோமளத்தம்மாள் கனவில்தான் தாயார் வந்து, பிள்ளைக்குக் குறுக்கே நிற்காதே என்று அதட்டினாள் என்பது எதிர்க்கட்சி. ஒரே பாஸ்போர்ட்டில் இரண்டு ஸ்டாம்ப்! இவ்வளவு பலமான சிபாரிசு இருந்தும், பையனின் குடுமியை எடுத்துக் கோட்டு மாட்டுவதற்கு முன்பு அம்மாவைப் பத்திரமாகக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாயாரைச் சமாளித்துவிடலாம். தாயைச் சமாளிக்க முடியுமா?

இந்த நாமக்கல் கதையால் ஒரு சங்கடம். ராமானுஜன் என்றாலே நமக்குக் கண் மூடிய யோகி ஒருவர் தெரிகிறார். கனவில் தாயார் வருகிறாள், ஃபார்முலா எழுதுகிறாள், இவர் காலையில் எழுந்து காப்பி அடிக்கிறார். அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் அவருடைய முழங்கை வேறு சாட்சி சொல்கிறது. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டுப் போட்டு, துணி தேடச் சோம்பல்பட்டு முழங்கையாலேயே அழித்து, அந்த இடம் கன்றிக் கறுத்தே போனது. தாயார் விடை கொடுத்திருக்கலாம். ரஃப் வொர்க் முழுக்க முழங்கை.

இன்னொரு ரகசியம். ராமானுஜனை ராமானுஜனாக்கிய புத்தகம் என்று எல்லோரும் பக்தியோடு சொல்கிறார்களே, ஜி.எஸ். கார் எழுதியது. அது என்ன தெரியுமா? லண்டனில் டியூஷன் எடுத்த ஒரு வாத்தியார், கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் போகிற பையன்களுக்காகத் தொகுத்த கைடு. கிட்டத்தட்ட 5,000 சூத்திரங்கள், விளக்கம் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் கிடையாது. நம் ஊர் பாஷையில் கோனார் நோட்ஸ். வீட்டில் கைடை ஒளித்துவைக்கும் பெற்றோர்கள் கவனிக்கவும்.

கைடு படித்துப் பாஸானாரா என்றால் அதுவும் இல்லை. எஃப்.ஏ. பரீட்சையில் கணக்கைத் தவிர மற்ற எல்லாப் பாடமும் அவரைக் கவிழ்த்தன. உடலியல் விடைத்தாளில், ஜீரணம் பற்றிய பாடம் தனக்கு ஜீரணமாகவில்லை, மன்னிக்கவும் என்கிற தொனியில் எழுதி வைத்ததாகக் கதை உண்டு. இன்றைய நாமக்கல் ஹாஸ்டல் ஸ்கூல் ஒன்றில் சேர்த்திருந்தால் இரண்டாவது வாரமே அப்பாவை வரச்சொல்லி, டி.சி.யைக் கையில் கொடுத்திருப்பார்கள். மீதி ஃபீஸைக் கட்டச் சொல்லிவிட்டு.

யோகிக்கு ரோஷம் வராது என்பார்கள். இவருக்கு வந்தது, அதுவும் மூக்குக்கு மேல். சின்னப் பையனாக இருந்தபோது கணக்கில் நண்பன் ஒருவன் ஒரே ஒரு மார்க் அதிகம் வாங்கிவிட்டான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேச்சை நிறுத்தி, அழுதே விட்டார். கொஞ்சம் வளர்ந்ததும் முக்கோணவியலில் பிரமாதமாக ஒன்றைக் கண்டுபிடித்தார். விசாரித்தால், அதை ஆய்லர் என்ற ஐரோப்பியர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துத் தொலைத்திருந்தார். அவமானம் தாங்காமல் அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவிட்டார். ஆய்லருக்கு இணையாக யோசித்துவிட்டு வெட்கப்பட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்!

1910-ல் வேலை கேட்டுத் திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் ஆரம்பித்தவரும் அவரே. பையன் ஏதாவது ஒரு குமாஸ்தா உத்தியோகம் போதும் என்றான். ஐயர் நோட்டைப் புரட்டினார், அசந்துபோனார், வேலை இல்லை என்றார். இப்பேர்ப்பட்ட மூளையை ரெவின்யூ ஆபீஸின் அடிமட்டத்தில் போட்டு அமுக்க மனசு வரவில்லையாம். திறமை அதிகம் என்பதற்காக ஒரு சர்க்கார் அதிகாரி வேலை மறுத்த சம்பவம் நம் சரித்திரத்தில் வேறு எங்காவது உண்டா?

ஆனால் ஐயரின் சங்கம் ஒரு பத்திரிகை நடத்தியது. அதில் ஒருவர் புதிர்க் கணக்குக் கேட்பார், மற்றவர்கள் விடை அனுப்புவார்கள். ராமானுஜனுக்கு இது போதாதா? 1911-ல் உள்ளே நுழைந்தார். கேள்வி எண் 289. இதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...

மூலத்துக்குள் மூலம், அதற்குள் இன்னொன்று. முடிவே கிடையாது. இந்தியா பூராவும் இருந்த கணக்குப் புரொபசர்கள் பார்த்தார்கள். அடுத்த இதழ் வந்தது, அதற்கடுத்த இதழும் வந்தது. ஆறு மாதம் கழிந்தும் ஒரு விடைகூட வரவில்லை. கடைசியில் கேட்டவரே விடையைப் போட்டார்.

விடை, 3.

ஆமாம் சார், வெறும் 3. வேலை ரொம்பச் சுலபம். 3 என்பது √9. ஒன்பதை 1 + 2×4 என்று எழுதலாம். அந்த 4 என்பது √16, அதாவது √(1 + 3×5). அந்த 5 என்பது √25, அதாவது √(1 + 4×6). இப்படியே ஒவ்வொரு எண்ணுக்கும் சட்டை மேல் சட்டை மாட்டிக்கொண்டே போனால் மேலே பார்த்த அந்த ராட்சசன் ரெடி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஓர் எண்ணுக்குத் தெருக்கூத்து வேஷம் கட்டி, கிரீடம், புஜகீர்த்தி எல்லாம் வைத்து, இது யார் சொல்லுங்கள் பார்ப்போம் என்று சபையில் நிறுத்தியிருக்கிறார். இது தியானம் செய்கிற ஆளின் வேலையா, வாட்ஸ்அப் குரூப்பில் 'ஜீனியஸ் மட்டும் பதில் சொல்லவும்' என்று போடுகிற ஆளின் வேலையா? நீங்களே சொல்லுங்கள்.

மற்றவர்களுக்குப் புரியவைப்பதில் மட்டும் மனிதர் படுமோசம். ராத்திரி சிலேட்டும் கையுமாகக் கூடவே உட்கார்ந்த நாராயண ஐயர் ஒரு நாள் பொறுமை இழந்து, உன்னுடைய இரண்டு வரிக்கு நடுவே குறைந்தது பத்து வரியாவது எழுது, நான் உன் லெவல் இல்லை என்று கெஞ்சியிருக்கிறார். மேலதிகாரி குமாஸ்தாவிடம் கெஞ்சியது இரண்டாவது அதிசயம்.

அப்புறம் ஹார்டிக்கு எழுதிய அந்தப் புகழ்பெற்ற கடிதம். தேதி 1913 ஜனவரி 16. அதில் தனக்குச் சுமார் 23 வயது என்கிறார். பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22-ல். கழித்துப் பாருங்கள், 25! பிற்பாடு, ஒவ்வொரு முழு எண்ணும் ராமானுஜனுக்கு நெருங்கிய நண்பன் என்று ஹார்டியின் சகா லிட்டில்வுட் சொன்னார். அந்த நண்பர்களில் இருவரை வயதுக் கணக்கில் மட்டும் கழற்றி விட்டிருக்கிறார்.

கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தால் குளிர். ஓவர்கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்கி, ராத்திரியெல்லாம் நடுங்கியிருக்கிறார். நண்பர் மகலனோபிஸ் வந்து பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் அழகாக விரித்துச் செருகியிருந்தன. அவற்றுக்கு *உள்ளே* நுழைந்து படுக்க வேண்டும் என்பது முடிவிலியையே உள்ளும் புறமும் பார்த்தவருக்குத் தெரியவில்லை. விரித்துக் காட்டி, உள்ளே புகச் சொல்லிக்கொடுத்தார் மகலனோபிஸ். பின்னாளில் இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை வடிவமைத்தவர் அவர். போர்வைத் திட்டம் அதற்கு முன்னோடி.

இதே மகலனோபிஸ் 1914 டிசம்பர் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையோடு ஒரு நாள் வந்தார். ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருக்கிறார். பத்திரிகையில் டூட்னியின் புதிர். ஒரு நீளமான தெரு, வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அது எந்த வீடு? மகலனோபிஸ் போட்டுப் பார்த்துச் சில நிமிஷத்தில் கண்டுபிடித்திருந்தார். 288 வீட்டில் 204-வது. இரண்டு பக்கமும் 20,706.

ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. எழுதிக்கொள் என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதில் 204 மட்டுமா? 8 வீட்டில் 6-வது, 49 வீட்டில் 35-வது, 1,681 வீட்டில் 1,189-வது என்று அந்த மாதிரித் தெருக்கள் அத்தனையும், உலகம் முடியும்வரை வரிசையில் நின்றன. எப்படி வந்தது என்று கேட்டால், விடை தொடர் பின்னம் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று என்னையே கேட்டேன், வந்துவிட்டது என்றார். பத்து வரி கேட்டாரே நாராயண ஐயர், அவர் பாவம்!

நல்லவேளை, புதிரில் வந்தது பெல்ஜியத்து லூவென் தெரு. சேலம் செவ்வாய்ப்பேட்டையாக இருந்து, கதவில் பழைய எண் 17, புதிய எண் 43பி என்று எழுதியிருந்தால் தொடர் பின்னமே கையை விரித்திருக்கும்.

சமையலிலும் அதே ரோஷம்தான். விருந்துக்கு வந்த பெண்கள் மூன்றாம் தடவை ரசம் வேண்டாம் என்றார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனவர், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஐந்து பவுண்டு அனுப்பும்படி தந்தி கொடுத்தார். ரசத்துக்காக ஊரை விட்டு ஓடிய கணித மேதை உலகத்தில் இவர் ஒருவர்தான்.

1729 கதை உங்களுக்கே தெரியும். ஹார்டி வந்த டாக்சியின் நம்பர், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது என்று படுக்கையில் கிடந்த ராமானுஜனின் உடனடி பதில். ஆனால் அவர் நோட்டுகளைப் புரட்டினால் 9³ + 10³ = 12³ + 1 என்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதாவது கேள்வி வருவதற்கு முன்பே பதில் தயார். ஹார்டிதான் சரியான டாக்சியில் ஏறி வந்து மாட்டிக்கொண்டார்.

சரி, 1913-ல் சங்கப் பத்திரிகையில் அவர் விட்டெறிந்த இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 2-ஐத் தன்னாலேயே பலமுறை பெருக்கி 7-ஐக் கழித்தால் எப்போதெல்லாம் வர்க்க எண் வரும்? ஐந்து விடை கொடுத்தார், கடைசி 32,768 – 7 = 181². வேறு உண்டா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். 1920-ல் காலமானார். இல்லை என்று நார்வேக்காரர் நாகெல் நிரூபித்தது 1948-ல்.

இன்னொன்று கேள்வி எண் 469. 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி 1-ஐக் கூட்டினால் வர்க்க எண் வர வேண்டும். 4 வரை பெருக்கினால் 25. 5 வரை என்றால் 121. 7 வரை என்றால் 5,041, அதாவது 71². நான்காவது உண்டா? பிரெஞ்சுக்காரர் புரோகார்டு இதை முன்பே கேட்டிருந்தார். அது ராமானுஜனுக்குத் தெரிந்திருந்தால் இந்தத் தாளும் கூரைக்குத்தான் போயிருக்கும். கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ தூரம் தேடிவிட்டன, கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் இன்றுவரை ஆளில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்தில் யாராவது கண்டுபிடித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். தாயார் கனவில் சொன்னாள் என்று முடித்துவிடாதீர்கள். நாராயண ஐயர் கேட்ட அந்தப் பத்து வரியையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.