காட்டை விட்டு அரங்கத்துக்குப் போன சேனல்

கேள்வி: காடு, மலை, தூண்டில் மட்டும் காட்டும் சேனல்கள் ஏன் நிலைப்பதில்லை?
– வாசகர், இரத்தினபுரி

பதில்: அமெரிக்காவில் 1995இல் பிறந்த 'அவுட்டோர் லைஃப் நெட்வொர்க்' அப்படித்தான் தொடங்கியது: வேட்டை, மீன்பிடி, பனிச்சறுக்கு. அதை ஊரறியச் செய்தது 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஆண்டுதோறும் வெல்ல, பார்வையாளர் பெருகினர். 2005இல் அவர் ஓய்வுபெற்றார். (2012இல் அவருடைய ஏழு பட்டங்களும் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்டன.) ஒரே ஆளின் சைக்கிளில் ஒரு நிலையமே ஏறிப் போகலாமா?

அடுத்து, சேனல் ஐஸ் ஹாக்கி ஒளிபரப்பு உரிமையை வாங்கியது. காட்டு மான் ஒளிபரப்பு உரிமைக்குக் காசு கேட்காது. ஹாக்கி லீக் கேட்கும். காசு கொடுத்த பிறகு மானுக்கு ஏது நேரம்? 2006இல் பெயர் 'வெர்சஸ்', 2012இல் 'என்பிசி ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க்'. 2021 டிசம்பர் 31இல் மூடுவிழா. என் கணக்கில், பெயர் மாறிய அன்றே அது முடிந்துவிட்டது.

உங்கள் பக்கம் சிங்கராஜ வனம், களு கங்கை, பலாபத்தலை வழியாகச் சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரிகர் எல்லாம் உண்டே! இவற்றை நிதானமாகத் தமிழில் காட்ட ஒரு சேனல் வரட்டும், முதல் சந்தா என்னுடையது.