கலெக்‌ஷன் தம்பி

கடன் வாங்கினவர் வீடு எங்கே என்பது கலெக்‌ஷன் தம்பிக்கு நன்றாகத் தெரியும். போனில் லொகேஷன் இருக்கிறது. போன மாதமே வந்து வாசற்கதவைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். இருந்தாலும் வண்டியை முதலில் டீக்கடையில்தான் நிறுத்துவார். "அண்ணே, டிவிக்கு லோன் போட்டுட்டு மூணு மாசமா டியூ கட்டாம இருக்காரே, அவரு வீடு எது?" டீ மாஸ்டர் கை காட்டுவார். தம்பிக்கு அது போதாது. அடுத்து இஸ்திரி வண்டி, அதற்கடுத்து மளிகைக்கடை. அவர் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருக்கும்.

பெல்லை அடித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்வார். "உள்ள வரலாங்களா சார்? வெளிய நின்னு பேசினா உங்களுக்குத்தான் அசிங்கம்."

வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். இன் பண்ணிய முழுக்கைச் சட்டை, முதுகில் பை. கழுத்தில் நாடா தெரியும். அதில் தொங்க வேண்டிய அடையாள அட்டை மட்டும் சட்டைப் பைக்குள் எப்போதும் தலைகவிழ்ந்து கிடக்கும். நல்ல பையன்தான். பணம் வசூலிப்பது தன் வேலை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் பிழைப்பே பக்கத்து வீட்டு ஜன்னலை நம்பித்தான் ஓடுகிறது. கடன் வாங்கினவர் வக்கீல் நோட்டீஸை மடித்து பீரோவுக்கு முட்டுக்கொடுத்துவிடுவார். எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்தால் மறுநாளே எங்கேயாவது புரட்டிக் கட்டிவிடுவார்.

தம்பியின் பாட்டன் தண்டல்காரர். நாளுக்கு நூறு, நூறு நாள், வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டுதான் கையில் கொடுப்பார். 2003-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருப் பெயர்களையே சட்டப் புத்தகத்தில் ஏற்றியது. பாட்டன் எவ்வளவு கத்தினாலும் சத்தம் சந்தை முனையோடு நின்றுவிடும். பேரனின் ஆபீசுக்கு அப்படி எல்லை கிடையாது.

லோன் பாரத்தில் ரெஃபரன்ஸ் என்று கட்டம் இருக்கிறதல்லவா? அதில் பெயர் ஏறிய பாவத்துக்கு, தேனியில் நிம்மதியாக இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் வரும்.

"சார், உங்க அண்ணன் பையன் போனை எடுக்க மாட்டேங்கறாரு. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

"எவ்வளவுப்பா பாக்கி?"

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது சார், கஸ்டமர் பிரைவசி." ஒரு நொடி மௌனம். "பதினெட்டாயிரத்து நானூறு."

கடன் ஆப்காரர்கள் செய்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. போனிலிருக்கும் எண்களையெல்லாம் உருவி, ஒட்டுப்போட்ட படங்களை உறவுக்கெல்லாம் அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் போனின் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்றது. அதற்கு முந்தைய மாதம்தான் நம் தம்பிக்கும் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டுப் போன் போடக்கூடாது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸில் இருப்பவர்கள் என யாருடைய அந்தரங்கத்திலும் தலையிடக்கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017-இல். டீக்கடை வரை அது வந்து சேர நாளாகும்.

தம்பி விதியை மீறுகிறவர் அல்ல. ஆகவே ஆறு ஐம்பதுக்கு வருவார். ஏழு மணி ஆனதும் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். "கலெக்‌ஷன் டைம் முடிஞ்சிருச்சு சார். இப்ப சும்மாதான் உக்காந்திருக்கேன்." விருந்தாளியாகிவிட்டவருக்கு வீட்டுக்காரம்மா டீ போட்டாக வேண்டும். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக.

இத்தனை சாமர்த்தியமும் இட்லிக்கடை ஆயாவிடம் மட்டும் பலிக்காது. "கிரைண்டருக்கு லோன் போட்டிருக்கேன், இன்னும் ஆறு டியூ பாக்கி, ஆடி போனாத்தான் யாவாரம் சூடு பிடிக்கும்" என்று இட்லி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் ஆயாவே சொல்லியிருப்பார். தம்பி டீக்கடையில் வாயைத் திறந்ததும் மாஸ்டரே தொகையைச் சொல்லிவிடுவார். தம்பிக்குச் சப்பென்று போய்விடும்.

ஆயாவின் பேத்தி வக்கீலுக்குப் படிக்கிறாள். வசூலுக்கு வருகிறவர் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் கொண்டுவர வேண்டும் என்பது 2008-இலிருந்தே இருக்கும் விதி என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

"கார்டை வெளிய எடு. லெட்டர் எங்க?" ஆயாவின் குரல் தெருக்கோடி வரைக்கும் போகும். இட்லிக்குக் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எந்த ஊருப்பா? அம்மா அப்பா இருக்காங்களா? மாசம் எவ்ளோ குடுக்கறான்? கல்யாணம் ஆச்சா, இல்ல பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்களா? இந்த வண்டி கைக்காசுல வாங்கினதா, டியூவா? எத்தனை மாசம் கட்டல?"

தம்பி நாலு பக்கமும் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"ஆயா, அதெல்லாம் பர்சனல். கொஞ்சம் மெதுவா பேசுங்க. எல்லாரும் பாக்கறாங்க."