சித்திரை வெயிலில் ஜெர்மன் வாள்

யோக்கிம் மேயர் ஜெர்மன் நீள்வாள் வித்தையைப் படம் போட்டு 1570-ல் அச்சிட்டார். குளத்தூர் இளைஞர் ஒருவர் அதைப் பார்த்துப் பழகக் கிளம்புகிறார் என்று வையுங்கள். கம்பிவலை முகமூடி, கழுத்துக் காப்பு, திண்டு வைத்த மேல்சட்டை, தடிக் கையுறை, முழங்கால் மூடி எல்லாம் வேண்டும். சித்திரை வெயிலில் இத்தனையையும் மாட்டிக்கொண்டு நின்றால், எதிராளி வாளை உருவவே வேண்டாம்.

பக்கத்துத் திடலில் சிலம்ப வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றி உயர மூங்கிலோடு நிற்பார். “கவசம் எங்கேண்ணே?” என்றால், “அடி வாங்காம இருந்தாப் போதும் தம்பி” என்பார்.

மூங்கில் என்று இளக்காரம் வேண்டாம். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள் வீசிய சென்னை பவானி தேவி பள்ளியில் மூங்கில் குச்சியில்தான் பழகினார். அசல் வாளைப் போட்டிக்கென்று பொத்தி வைத்திருந்தார்கள். உடைந்தால் யார் வாங்கித் தருவது?

அந்தக் காலத் தஞ்சாவூர்க்காரர்கள் இன்னும் கெட்டி. கப்பலில் வந்த ஐரோப்பிய வாள் அலகுகளை நம்மூர்க் கட்டாரிப் பிடியில் பொருத்திக்கொண்டார்கள். மேயரைக் கேட்கவில்லை. நம் இளைஞரோ முகமூடிக்குச் சுங்கவரி எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.